வேகப்பந்து மாப்பிள்ளை

மூன்றாவதும் பெண் என்று நர்ஸ் வந்து சொன்னபோது, ஆஸ்பத்திரி வராந்தாவில் ரேடியோவைக் காதோடு ஒட்டிக்கொண்டு நின்ற பெரியப்பா, "சரி விடு, எக்ஸ்ட்ரா ரன்னுன்னு வெச்சுக்குவோம்" என்றாராம். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அன்று ஒட்டிக்கொண்ட பெயர் இன்றுவரை உரியவில்லை. பள்ளிக்கூடத்துக்கு ஒரு பெயர், ஆஸ்பத்திரியில் சட்டையில் குத்திக்கொள்ளும் அட்டைக்கு ஒரு பெயர் என்று ஊருக்கு அவள் வேறு ஆள். வீட்டுக்குள் நுழைந்தால் எக்ஸ்ட்ரா. நாள் முழுக்க அடுத்தவர் எலும்பைப் படம் பிடித்துக் கொடுத்துவிட்டு, ஈய அங்கி அழுத்திய தோள்வலியோடு வீட்டுக்கு வருகிற பெண்ணை, "எக்ஸ்ட்ரா, டீ கொண்டா" என்று கூப்பிட்டால் எப்படி இருக்கும்? பற்றிக்கொண்டுதான் வரும். ஆனாலும் கொண்டுபோய் வைப்பாள். வைத்துவிட்டு உள்ளே போய்ப் பல்லைக் கடிப்பாள்.

அந்த வீட்டில் வருடத்துக்கு ஒரு பருவம்தான் உண்டு. கோடை. மற்ற மாதங்கள் எல்லாம் கோடைக்குக் காத்திருக்கிற மாதங்கள். கோடை வந்தால் குடும்பக் கோப்பை. வருடத்துக்கு ஒரு ஊரில் நடக்கும். அந்தப் பக்கத்தில் கிரிக்கெட் பிடித்து ஆட்டுகிற குடும்பங்கள் எல்லாம் வேனைப் பிடித்துக்கொண்டு மூட்டை முடிச்சோடு போய் இறங்கும். அதற்கு ஒரே ஒரு விதி. ஆடுகிற பதினொரு பேரும் உறவாக இருக்க வேண்டும். ரத்த உறவு, இல்லையென்றால் கல்யாண உறவு. நிச்சயம் ஆன மாப்பிள்ளையும் உறவுதான் என்று பின்னால் ஒரு திருத்தம் வந்தது. அந்தத் திருத்தத்துக்காகக் கூட்டத்தில் மேசையைத் தட்டிச் சண்டை போட்டவர் பெரியப்பாதான் என்பதைச் சொல்லவே வேண்டாம்.

ஊர் ஊராகப் போனார்களே தவிர, எந்த ஊரையும் பார்த்ததில்லை. ஒரு வருடம் கடல் இருக்கிற ஊர். போய் இறங்கிய நாள் முதல் கிளம்பிய நாள் வரை மைதானம், லாட்ஜ், மைதானம், லாட்ஜ். கடைசி நாள் அம்மா முகத்தைத் தூக்கிக் காற்றை மோந்து பார்த்து, "கடல் இந்தப் பக்கம்தான் இருக்கணும்" என்றாள். "அப்படியா? அப்ப பந்து உள்ள திரும்பும்" என்றார் பெரியப்பா. அம்மா அதற்கப்புறம் கடலைப் பற்றிப் பேசவில்லை.

இதெல்லாம் பைத்தியம், போகட்டும் என்று விட்டுவிடலாம். மாப்பிள்ளை தேடுவதிலும் இதே கதைதான் என்பதுதான் வயிற்றைப் புரட்டுகிற சங்கதி. பெரியப்பாவுக்கு முழங்கால் தேய்ந்து, விக்கெட் கீப்பிங்குக்கு ஆள் இல்லாமல் போன வருடம்தான் பெரிய அக்காவுக்குக் கல்யாணம் நடந்தது. பெரிய அத்தானுக்குப் பந்தைப் பிடிக்கத் தெரியும். பிள்ளையைப் பிடிக்கத் தெரியாது. நாலு ஸ்லிப்புக்கும் சேர்த்துப் பாய்கிற மனுஷன், தொட்டிலிலிருந்து குழந்தை வீலென்று கத்தினால் அசையமாட்டார். சின்ன அக்காவின் கல்யாணத்துக்குக் காரணம், தொடக்க ஆட்டக்காரராக இருந்த சித்தப்பாவுக்குக் கண் மங்கியது. சின்ன அத்தான் விக்கெட்டை விட்டுக்கொடுக்காத ஆள். வேலையையும் அதே மாதிரி விட்டுக்கொடுக்காமல் இருந்தால் தேவலை. வருடத்துக்கு ஒரு வேலை மாறுகிறார், கேட்டால் "செட் ஆகல" என்கிறார்.

மாட்டுச் சந்தையில்கூடப் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள். இவர்கள் தோளைப் பிடித்துப் பார்த்தார்கள்.

இந்த வருடம் அணியில் ஓட்டை வேகப்பந்தில். ஏழு வருடமாகக் கோப்பையைப் பேக்கரிக்காரர் குடும்பம் கொண்டுபோகிறது. அந்தக் குடும்பத்துப் பேரன்கள் மாவு பிசைந்து பிசைந்து கையை உலக்கை மாதிரி வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு இடதுகை வேகப்பந்து ஆகாது என்று பெரியப்பா கண்டுபிடித்து வைத்திருந்தார். கண்டுபிடித்த நாளிலிருந்து வீட்டில் எக்ஸ்ட்ராவைப் பார்க்கிற பார்வையே மாறிப்போனது. திடீரென்று, "சாப்டியாம்மா?" என்று பெரியப்பா கேட்டார். அவளுக்கு அப்போதே சந்தேகம் தட்டியது.

அவன் கிடைத்தது பெயிண்ட் கடையில். தன்னுடைய லாரி ஷெட்டுக்குப் பெயிண்ட் வாங்கப் போன பெரியப்பா, கடையில் நிறம் கலக்கிக் கொண்டிருந்தவன் ஒரு டப்பா மூடியை இடது கையால் வீசிக் கடைக் கோடியில் இருந்த தொட்டிக்குள் சரியாக விழவைத்ததைப் பார்த்தார். பெயிண்டை மறந்துவிட்டு அவன் கையைப் பிடித்துக்கொண்டார். அடுத்த வாரம் வலைப்பயிற்சிக்கு வரவழைத்தார்கள். ஓட்டம் பார்த்தார்கள். மணிக்கட்டு பார்த்தார்கள். பழைய பந்தில் போடச் சொல்லிப் பார்த்தார்கள். முதுகுவலி உண்டா, முட்டி விலகுமா, வெயிலில் தலை சுற்றுமா, நோ பால் போடுகிற வியாதி உண்டா என்று துருவித் துருவிக் கேட்டார்கள். கண்ணாடிக் கடை வைத்திருக்கிற அப்பா, அவனைக் கடைக்கே கூட்டிப்போய், எழுத்துப் பலகை எதிரே உட்காரவைத்துப் பார்வையைச் சோதித்தார். எல்லாம் பத்துக்குப் பத்து.

"எங்க குடும்பத்தோட கோப்பைக்கு வாங்க தம்பி. அப்புறம் மத்ததைப் பேசிக்கலாம்" என்றார் பெரியப்பா. அவன் வந்தான்.

வேனில் ஏறும்போதே எக்ஸ்ட்ராவுக்குக் குமட்டியது. அந்த வேனுக்கு என்று ஒரு நாற்றம் உண்டு. ஈரக் காலுறை, வலிக்கு அடிக்கிற மருந்து, கனிந்து கருத்த வாழைப்பழம், போன வருடத்துப் பேடுகளில் ஊறிய போன வருடத்து வியர்வை. ரொட்டி வைத்திருந்த பாத்திரத்தைத் திறந்தால் ரொட்டிக்கு மேலே யாரோ இடுப்புக்குக் கீழே போட்டுக்கொள்கிற பாதுகாப்புக் கவசத்தை வைத்திருந்தார்கள். "அது சின்னதா இருக்குல்ல, தொலைஞ்சிடும்னு வெச்சேன்" என்றார் சின்ன அத்தான். அம்மா அதை எடுத்து ஜன்னல் ஓரம் வைத்துவிட்டு, மேல் ரொட்டியை மட்டும் தூக்கிப் போட்டாள். மிச்சத்தை எல்லோரும் தின்றார்கள். எக்ஸ்ட்ரா அன்று முழுக்கத் தண்ணீரிலேயே காலம் தள்ளினாள்.

அவளை அவன் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். யாரும் ஏன் என்று சொல்லவில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் தெரியும் என்கிற ஒரு இளிப்பு எல்லா முகத்திலும் இருந்தது. கிளம்புவதற்கு முன்னால் பெரியப்பா அவர்கள் இருவரையும் வேனை ஒட்டி நிற்கவைத்து, "இன்னும் கொஞ்சம் நெருங்கி, நெருங்கி" என்று போனில் படம் எடுத்தார். அவள் கைகளை மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு நின்றாள். எதிராளியின் பல் விளக்காத வாயைப் பார்க்கிற முகத்தை வைத்துக்கொண்டாள். தூண்டிலில் புழு மாதிரித் தன்னைக் கோத்துப் போட்டிருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

அவள் எதிர்பார்க்காதது ஒன்று நடந்தது. அவன் கிரிக்கெட் பேசவில்லை.

"நீங்க எக்ஸ்ரே எடுக்கறீங்களாமே? மூச்சைப் புடிச்சுக்கச் சொல்றீங்களே, அது ஏன்?" என்று கேட்டான். நெஞ்சு அசைந்தால் படம் கலங்கும் என்று சொன்னாள். விடச் சொல்ல மறந்துட்டா சில பேர் அப்படியே பிடிச்சுக்கிட்டு நிப்பாங்களா என்றான். நின்றிருக்கிறார்கள் என்று அவள் சொன்னாள்; ஒரு பெரியவர் முகம் சிவந்து போகிறவரை நின்றார், கேட்டால் "நீதானேம்மா சொன்னே" என்றார். அவன் சிரித்தான். அவளுக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். அவன் நிறங்களைப் பற்றிச் சொன்னான். வெள்ளை கேட்டு வருகிறவர்களிடம் எந்த வெள்ளை என்று கேட்டால் கோபம் வந்துவிடுமாம். பத்துப் பதினைந்து வெள்ளை இருக்கிறது என்று காட்டினால் பயந்துபோய் நீலம் வாங்கிக்கொண்டு போவார்களாம். நகக்கண்ணில் பெயிண்ட் இருந்தது. எவ்வளவு தேய்த்தாலும் போகாத மாதிரி ஒரு பச்சை.

லாட்ஜில் சாப்பிட்ட தட்டை அவன் ஒருவன்தான் கழுவிவைத்தான். மற்றவர்கள் கையைக்கூட அம்மா ஊற்றித்தான் கழுவினார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் ஆட்டத்தில் அவன் ஐந்து விக்கெட் எடுத்தான். அடுத்ததில் நான்கு. பெரியப்பா தரையில் நிற்கவில்லை. அவளுக்கு விக்கெட்டைப் பற்றி ஒன்றும் இல்லை. ஆனால் மைதானத்து ஓரத்தில் அம்மாவோடு ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டு இருக்கும்போது, அவன் ஓடிவருகிற திசையில் கண் தானாகப் போனது. தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. இவர்கள் விரித்த வலையில், இவர்கள் நினைத்த இடத்திலேயே வந்து விழுந்தோமே என்று இருந்தது. விழுந்தது விழுந்ததுதான். அரையிறுதி அன்று காலையில் அவள் தலைமுடியைக் கொஞ்சம் கவனமாகப் பின்னிக்கொண்டாள். பெரிய அக்கா பார்த்துவிட்டுக் கிள்ளினாள்.

அரையிறுதியில் ஜெயித்தார்கள். ஆனால் கடைசியில் ஒரு பந்தைப் பிடிக்கப் போய் அவனுக்கு வலது கை மோதிர விரலில் அடி. விரல் கத்தரிக்காய் மாதிரி வீங்கியது. பெரியப்பா ஐஸ்கட்டியோடு ஓடிவந்தார்.

"எந்தக் கை?"

"வலது."

"அப்பாடா!" என்று தரையில் உட்கார்ந்தேவிட்டார். "அது எதுக்கு? அது சும்மா பேலன்சுக்குத்தானே?"

எக்ஸ்ட்ரா விரலைப் பார்த்தாள். எலும்பு விரிசல் விட்டிருக்க வேண்டும் என்று பட்டது. படம் எடுத்தே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து, மறுநாள் ஓய்வு நாளாக இருந்ததால், காலையில் அவளே அவனை அந்த ஊர் கிளினிக்குக்குக் கூட்டிப்போனாள். குடும்பத்தோடு ஊர் ஊராகப் போன இத்தனை வருடத்தில் முதல் தடவையாக ஒரு ஊரின் தெருவில் நடந்தாள். கடைகளில் ஷட்டர் தூக்குகிற சத்தம், வாசல் தண்ணீர், பள்ளிக்கூடம் இல்லாத பிள்ளைகள். இருவரும் பேசிக்கொண்டே போனார்கள். அவளுக்கு நன்றாக இருந்தது. அதைப் பொய் சொல்ல வேண்டியதில்லை, நன்றாகவே இருந்தது.

கிளினிக் கவுண்டரில் மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்ட ஒரு அம்மாள். அவனுடைய பெயர், வயது, எப்படி அடிபட்டது எல்லாம் கேட்டுவிட்டு, எக்ஸ்ட்ராவைப் பார்த்து, "கூட வந்திருக்கறது வீட்டுக்காரம்மாவா?" என்றார்.

"இல்லம்மா," என்றான் அவன். "என் மனைவி ஊர்ல இருக்கா. இவங்க டீம்காரங்க."

அவன் அதைச் சாதாரணமாகச் சொன்னான். வெளியே வெயில் அடிக்கிறது என்று சொல்வதுபோல. எக்ஸ்ட்ராவுக்கு முதலில் காது ஏற்கவில்லை. அந்த அம்மாள் அடுத்த ஆளைக் கூப்பிட்டாயிற்று.

பெஞ்சில் உட்கார்ந்த பிறகு கேட்டாள். "கல்யாணம் ஆயிடுச்சா உங்களுக்கு?"

அவன் திரும்பிப் பார்த்தான். அவள் முகத்தில் என்ன கண்டானோ, அவன் முகம் வெளுத்தது.

"உங்களுக்குத் தெரியாதா?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"உங்கப்பாகிட்டயும் பெரியப்பாகிட்டயும் சொல்லிட்டேனே. முதல் மேட்ச் அன்னிக்கே." அவனுக்கு வார்த்தை தடுக்கியது. "என்னை உங்களுக்கு நிச்சயம் ஆன மாப்பிள்ளைன்னு பேரு குடுத்திருக்காங்கன்னு அன்னிக்குத்தான் எனக்கே தெரியும். ஆட்டம் முடிஞ்சதும் போய்ச் சொன்னேன், ஐயா எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சு, நீங்க கேக்கவே இல்லையேன்னு. ரெண்டு பேரும் ஆடிப் போயிட்டாங்க. நான் ஊருக்குப் போறேன்னுதான் சொன்னேன். பெரியப்பாதான் கையைப் புடிச்சுக்கிட்டாரு, கோப்பை முடியற வரைக்கும் இரு, வெளியே சொன்னா எங்களை வெளியே அனுப்பிடுவாங்கன்னு."

"எங்கப்பா?"

"நான் அவர்கிட்ட கேட்டேங்க. உங்க பொண்ணு தப்பா நினைச்சுக்க மாட்டாங்களான்னு. அவளுக்கு எல்லாம் தெரியும், அவளும் நம்ம டீம்தான்னு சொன்னாரு."

உள்ளே அவன் பெயரைக் கூப்பிட்டார்கள். அவன் எழுந்து, தயங்கி நின்று, போனான். கதவுக்கு அந்தப் பக்கம் அவளுக்குத் தெரிந்த அதே இயந்திரத்தின் சத்தம். அவள் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எல்லாவற்றையும் கேட்டார்களே. முட்டி கேட்டார்கள், முதுகு கேட்டார்கள், கண்ணைச் சோதித்தார்கள். ஊர் உலகத்தில் மாப்பிள்ளை பார்க்கிற எந்த மடையனும் முதலில் கேட்கிற கேள்வியைக் கேட்கத் தோன்றவில்லை. அது முட்டாள்தனம், தலையில் அடித்துக்கொண்டு சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் தெரிந்த பிறகும் அவளை லாட்ஜில் சாப்பிடும்போது அவன் பக்கத்திலேயே உட்காரவைத்தார்களே. அவனுக்கு டீ கொடு, துண்டு கொடு என்று அனுப்பினார்களே. பேக்கரிக்காரர் குடும்பம் பார்க்கிற மாதிரி மைதானத்தைச் சுற்றி இருவரையும் நடந்துவிட்டு வரச் சொன்னாரே பெரியப்பா. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார்கள். அந்தச் சோறு அவள்தான். வாயில் கசப்பு ஊறியது. எழுந்துபோய்க் குழாயைத் திறந்து துப்பினாள். கசப்பு போகவில்லை.

விரலில் மயிரிழை விரிசல். கட்டுப் போட்டு அனுப்பினார்கள். திரும்பி வருகிற வழியில் அவன் மன்னிப்புக் கேட்டான். உங்கள் மேல் தப்பில்லை என்று அவள் சொன்னாள். முழுக்க அப்படி இல்லை என்று இருவருக்கும் தெரியும். ஐந்து விக்கெட் அவனுக்கும் பிடித்துத்தான் இருந்தது.

லாட்ஜ் முற்றத்தில் பெரியப்பா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அப்பா மட்டையின் கைப்பிடிக்குப் புது ரப்பர் ஏற்றிக்கொண்டிருந்தார். அம்மா கொடியில் வெள்ளைச் சட்டைகளை உதறிப் போட்டுக்கொண்டு இருந்தாள்.

"விரல் என்ன ஆச்சு?" என்றார் பெரியப்பா.

"அவருக்குக் கல்யாணம் ஆயிடுச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?" என்றாள் எக்ஸ்ட்ரா.

அம்மாவின் கையில் இருந்த சட்டை கீழே விழுந்தது. அவளுக்குத் தெரியாது என்பது அதிலேயே தெரிந்தது. பெரியப்பா கழுவுகிற மீனில் நழுவுகிற மீன். முகம் மாறவில்லை. "மெதுவா பேசு. பேக்கரிக்காரங்க மேல் மாடியிலதான் தங்கியிருக்காங்க" என்றார். பிறகு, "உனக்கு இதுல என்னம்மா நஷ்டம்? உன்னை யாரும் கட்டிவெச்சுடலையே. வேற நல்ல பையனாப் பாப்போம். சுழற்பந்துக்கும் அடுத்த வருஷம் ஆள் வேணும்" என்றார்.

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அதுதான் கொடுமை. அவள் அவரை விட்டுவிட்டு அப்பா பக்கம் திரும்பினாள்.

"எனக்கு அவரைப் பிடிச்சுப்போச்சுப்பா" என்றாள். அந்த முற்றத்தில், அத்தனை பேர் காலுறை காய்கிற கொடிக்கு அடியில் அதைச் சொல்ல வேண்டி வந்ததே என்று உடம்பு கூசியது. "ஒருத்தரோட புருஷனைப் பிடிச்சுப்போக விட்டுட்டு நீங்க பாத்துக்கிட்டு இருந்திருக்கீங்க. நான் தலை பின்னிக்கிட்டு வந்தப்பகூட பாத்துக்கிட்டுதான் இருந்தீங்க."

அப்பா மட்டையைக் கீழே வைத்தார். அவருடைய கண் கலங்கிவிட்டது. அழுகை அவருக்குச் சுலபமாக வரும். நல்ல மனுஷன் என்று அவரை ஊர் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"தப்புதான்மா" என்றார். "பெரிய தப்பு. அண்ணன் சொன்னாரேன்னு வாயை மூடிக்கிட்டு இருந்துட்டேன்."

"நீங்களே போய்ச் சொல்லுங்க. கோப்பை நடத்துறவங்ககிட்ட. இவர் எங்க மாப்பிள்ளை இல்லைன்னு. வேற எதுவும் எனக்கு வேண்டாம்."

அப்பா சரி என்று தலையாட்டினார். "டேய், கிறுக்கா!" என்று அவரைப் பார்த்துக் கத்திக்கொண்டே பெரியப்பா எழுந்தார். அப்பா அவரைக் கையமர்த்தினார். எக்ஸ்ட்ரா பிறந்ததிலிருந்து அதைப் பார்த்ததில்லை.

"காலையில முதல் வேலையா சொல்லிடறேன்" என்றார் அப்பா. அவள் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் செய்தார். ரப்பர் பசை அவர் கையிலிருந்து அவள் கையில் ஒட்டியது. அவள் நம்பினாள். பெற்ற அப்பா கையில் அடித்துச் சொன்னால் நம்பாமல் என்ன செய்வாள்?

காலையில் அவள் எழுந்தபோது ஆண்கள் எல்லோரும் கிளம்பிப் போயிருந்தார்கள். அம்மா ரொட்டிக்கூடையைக் கட்டிக்கொண்டு இருந்தாள். முகம் இரவெல்லாம் தூங்காத முகம்.

"சொல்லிட்டாராம்மா?"

அம்மா முடிச்சை இறுக்கினாள். "நான் கேட்டேன். டாஸ் போடட்டும், பாத்துக்கலாம்னு சொல்லிட்டுப் போனாரு" என்றாள். பிறகு, "அந்த மனுஷனுக்கு என்னமோ ஆயிடுதுடி, அந்த வெள்ளைப் பேண்ட்டைப் போட்டதும்" என்றாள். கூடையைத் தூக்கிக்கொண்டு அவளும் மைதானத்துக்குத்தான் போனாள்.

எக்ஸ்ட்ரா அறையில் உட்கார்ந்திருந்தாள். சந்தேகத்தின் பலனை இந்த ஒரு தடவை அப்பாவுக்குக் கொடுப்போம் என்று நினைத்தாள். இடைவேளையில் சொல்லியிருக்கலாம். மறைவாகச் சொல்லியிருக்கலாம். வெயில் ஏற ஏற மைதானத்திலிருந்து கூச்சல் வந்தது. ஜன்னலைத் திறந்து பார்த்தாள். லாட்ஜுக்கு எதிரேதான் மைதானம். பேக்கரிக்காரர்கள் மட்டை பிடிக்கிறார்கள். விரலில் வெள்ளைக் கட்டோடு அவன் ஓடிவந்து பந்து போடுகிறான். எல்லையோரத்தில், ஃபைன் லெக்கில், அப்பா இரண்டு கையையும் முட்டியில் ஊன்றிக் குனிந்து நிற்கிறார். விக்கெட் விழுந்தது. அப்பா குதித்தார். சின்னப் பையன் மாதிரி, ஒரு கவலை இல்லாத ஆள் மாதிரி, இரண்டு காலையும் தூக்கிக் குதித்தார்.

சீ என்று ஆகிவிட்டது அவளுக்கு. கோபம்கூட இல்லை. அழுகிப்போன பழத்தை வாயில் வைத்துவிட்ட மாதிரி, துப்பினால் போதும் என்று இருந்தது. துணிகளைச் சக்கரப் பெட்டியில் அள்ளிப் போட்டாள். மூட முடியாமல் மேலே ஏறி உட்கார்ந்து மூடினாள்.

பஸ் ஸ்டாண்டு மைதானத்துக்கு அந்தப் பக்கம். சாலை வழியாகச் சுற்றிப் போனால் நல்ல தூரம். வாசலில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தாள். நான் எதற்குச் சுற்றிப் போக வேண்டும் என்று தோன்றியது. நேரே எல்லைக் கயிற்றைத் தாண்டி உள்ளே இறங்கினாள். பெட்டியின் சக்கரங்கள் புல்லில் திக்கித் திணறி வந்தன.

அவன் ஓடிவரத் தொடங்கியிருந்தான். அவளைப் பார்த்ததும் பாதியில் நின்று தலையைக் குனிந்துகொண்டான். "ஏம்மா, ஏம்மா, யாரும்மா அது!" என்று நடுவர் கத்தினார். கூடாரத்திலிருந்து யாரோ சிரித்தார்கள். பேக்கரிக்காரரின் பேரன் மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒதுங்கி வழிவிட்டான். பெரியப்பா ஸ்லிப்பிலிருந்து, "எக்ஸ்ட்ரா! ஏய்! ஓரமா போ!" என்று அலறினார். அவள் ஓரமாகப் போகவில்லை. நடு மைதானத்தில், தண்ணீர் தெளித்து உருளை ஓட்டிப் பாய் மாதிரி வழித்து வைத்திருந்த பிட்ச்சைக் குறுக்கே கடந்தாள். பிட்ச்சைத் தாண்டி இறங்கியபோதுதான், அப்பா தூரத்திலிருந்து ஓடிவருவதைப் பார்த்தாள்.

அப்பா ஓடிவந்தார். தொப்பி பறந்தது, நின்று எடுக்கவில்லை. வயதான மனுஷன் மூச்சு வாங்க, வாயைத் திறந்துகொண்டு, நேரே அவளை நோக்கி ஓடிவந்தார். எக்ஸ்ட்ரா நின்றுவிட்டாள். வேண்டாம் என்றுதான் நினைத்தாள், ஆனாலும் நெஞ்சு இளகியது. கையைப் பிடிக்கட்டும். ஒன்றும் பேசக்கூட வேண்டாம், பக்கத்தில் வந்து நின்றால் போதும். பெட்டியை லாட்ஜுக்கே திருப்பிக்கொண்டு போய்விடலாம் என்று அந்த நேரத்தில் அவள் உண்மையாகவே நினைத்தாள்.

அப்பா அவளுக்கு நாலடி முன்னால் நின்றார். முழங்காலை மடக்கி உட்கார்ந்தார். பெட்டியின் சக்கரம் பிட்ச்சில் கிழித்திருந்த இரண்டு கோடுகளையும் பார்த்தார்.

"ஐயையோ," என்றார். "சரியா பந்து குத்துற இடத்துல இழுத்துட்டியேம்மா." சொல்லிக்கொண்டே கட்டைவிரலால் மண்ணை அழுத்தி அழுத்தி அந்தக் கோட்டை மூடத் தொடங்கினார்.

எக்ஸ்ட்ரா கொஞ்ச நேரம் அந்தக் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு நடுவர் பக்கம் திரும்பி, கூடாரம் வரை கேட்கிற மாதிரி சொன்னாள்.

"இந்தப் பந்து போடறவருக்கும் எனக்கும் எந்த உறவும் இல்லை. இவருக்கு ஊர்ல மனைவி இருக்காங்க. எங்கப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் முதல் நாளே தெரியும்."

பெரியப்பா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் அப்பா நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். கோப்பை போன பிறகுதான் அந்த மனுஷனுக்கு மகள் முகம் கண்ணில் பட்டது.

பஸ் ஸ்டாண்டு நேர் எதிரே இருந்தது, அப்படியே போயிருக்கலாம். அவள் திரும்பி வந்தாள். அப்பா மண் ஒட்டிய கையைத் தூக்கி, "வேண்டாம்மா" என்றார். எக்ஸ்ட்ரா பெட்டியைப் பிட்ச்சின் நடுவில் ஏற்றி, ஒரு முனை ஸ்டம்பிலிருந்து மறு முனை ஸ்டம்ப் வரைக்கும், நீளவாக்கில், அழுத்தி இழுத்துக்கொண்டு போனாள்.